ஆண் குளவியை நம்பிய வகைப்பாடு

உடன்குடியிலிருந்து வடக்கே போகப் போகப் பனை குறைந்து, தாமிரபரணிக் கால்வாய் பாயும் நெல்வயல் தொடங்கும். அங்கே இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பரிந்துரைக்கப்படுவது டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி. நட்ட 37, 44, 51ஆம் நாள்களில் விட வேண்டும். குருத்துப்பூச்சிக்கு அதே பேரினத்து ஜப்பானிக்கம், 30, 37ஆம் நாள்களில். ஆக 37ஆம் நாளில், குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய இரண்டு அட்டையும் ஒரே கையில் இருக்கும். இரண்டிலும் கறுத்த முட்டைகள்தான். மாறிப்போனால் யாருக்குத் தெரியும்? வெளிவரும் குளவியோ ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

பாதத்தில் மூன்று கணு என்றால் குடும்பம் தெரிந்துவிடும். முன்சிறகின் மயிர்வரிசை பேரினத்தைச் சொல்லும். 1833இல் வெஸ்ட்வுட் வைத்த டிரைக்கோகிரம்மா என்ற பெயருக்கே மயிர்க்கோடு என்றுதான் பொருள். இடறுவது இனத்தில். நிறத்தையும் பருமனையும் பார்த்துப் பிரித்தார்கள். அவையோ வளர்ந்த முட்டைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறுபவை. நம் நாட்டுக் கைலோனிஸ் வெகுகாலம் ஆஸ்திரேலிக்கம் என்ற பெயரில் உலாவியது அப்படித்தான்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் பெங்களூரில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும். கலப்புச் சோதனைகள் செய்தார்கள். ஆணின் பிறப்புறுப்பு அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுவதைக் காட்டினார்கள். 1971இல் வந்த அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் வகைப்பாட்டாளர்கள் அந்த வழியில்தான் போனார்கள். நம் உழவர் கூட்டங்களில் இந்தப் பெயர்களை நான் கேட்டதே இல்லை.

முறையின் ஓட்டையும் அங்கேயே இருக்கிறது: ஆண் வேண்டும். பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்து வயலில் வேலை பார்ப்பது பெண்; அதை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் இனம் சொல்ல முடியாது. வோல்பாக்கியா பாக்டீரியா புகுந்த சில கூட்டங்களில் ஆணே பிறப்பதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் ஆண்கள் திரும்புவதை 1990இல் ஸ்டௌதாமர் குழு கண்டது. அத்தகைய கூட்டத்தின் முன் இந்த முறை கைவிரித்துவிடும்.

டிஎன்ஏவின் ஐடிஎஸ்-2 பகுதியைப் படித்தால் பெண்ணையும் பிரிக்கலாம். அதற்காக, ஆணைப் பதித்துப் பார்க்கும் கண்ணாடித் தகட்டை ஓரங்கட்டுவது தவறு. டிஎன்ஏ வரிசையோடு ஒப்பிட ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தந்தது தகட்டில் பதித்த ஆண்தான். அங்கே பிழை நேர்ந்தால், கணினிக் களஞ்சியம் முழுக்க அதே பிழை பரவும்.

அட்டை தயாரிப்போர் அவ்வப்போது சில ஆண்களையாவது தகட்டில் ஏற்றிப் பார்த்து, இனப்பெயரை அட்டையிலேயே அச்சிட வேண்டும். வாங்குகிறவர்களும் கைலோனிஸா ஜப்பானிக்கமா என்று கேட்டு வாங்குங்கள்.