நிறம் தீட்டியவர் யார்?

வுப்பர்டால் அடங்கும் நோர்த்றைன்-வெஸ்ற்பாலியா மாநிலத்தில் 2021/22 கல்வியாண்டு முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குக் கணினியியல் கட்டாய பாடம். செயற்கை நுண்ணறிவும் அதில் ஒரு பகுதி. எமது பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆகவே நரம்பு வலைகளைத் தொடக்கநிலையினருக்குக் கற்பிக்கும் கருவிகளை நாமும் விமர்சனக் கண்கொண்டு பார்க்கவேண்டியுள்ளது. அவற்றுள் பெயர்பெற்றது, டானியல் ஸ்மில்கோவ், ஷான் கார்ட்டர் ஆகியோர் உருவாக்கி 2016இல் கூகிள் வெளியிட்ட 'டென்சர்ஃப்ளோ பிளேகிரவுண்ட்'.

திரையில் செம்மஞ்சள், நீலப் புள்ளிகள். அவற்றைப் பிரிக்க வலை கற்கவேண்டும். அடுக்குகளையும் நரம்பணுக்களையும் கூட்டலாம், குறைக்கலாம். விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும். கரும்பலகையில் சமன்பாடுகளை எழுதிக் களைத்த என்போன்ற முன்னாள் விரிவுரையாளர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான்கு கட்டங்களில் எதிரெதிர்க் கட்டங்கள் ஒரே நிறம் கொண்ட தரவைத் தெரிந்து, இடையடுக்குகளை முற்றாக நீக்கிப் பாருங்கள். வலை ஒரு நேர்கோட்டைத்தான் போடும், தோற்கும். 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் தம் நூலில் சுட்டிய வரம்பு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. இரு உள்ளீடுகளின் பெருக்கத்தையும் மூன்றாவது உள்ளீடாகச் சேர்த்தால் அதே வலை வெல்லும். அப்படியானால் அறிவு இருந்தது வலையிலா, எதைக் கொடுக்கவேண்டுமென்று தெரிந்த மனிதரிடமா?

கருவி இவ்வினாவை எழுப்புவதில்லை. இன்னொன்றையும் அது கேட்பதில்லை: புள்ளிகளுக்கு நிறம் தீட்டியவர் யார்? அவை நிறத்தோடேயே வந்துசேர்கின்றன. கூகிளின் இன்னொரு கருவியான 'டீச்சபிள் மெஷின்' (2017) ஒருபடி மேல். அதில் மாணவரே படமெடுத்துப் பெயரிடுகிறார். ஆயினும் அதன் அடியிலும் வேறு படங்களில் ஏற்கெனவே பயிற்றப்பட்ட வலையொன்று உண்டு.

இது வெறும் கற்பித்தல் நுணுக்கமல்ல. அரபு பேசும் புகலிடக் கோரிக்கையாளரின் பேச்சுவழக்கைக் கணித்து, அவர் எந்நாட்டவர் என ஊகிக்க உதவும் மென்பொருளை ஜேர்மனியக் குடிவரவு, அகதிகள் அலுவலகம் 2017இல் பயன்படுத்தத் தொடங்கியது. முடிவு விழுக்காடாக வருகிறது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். எல்லையோரத்தில் பிறந்து, இரு நாடுகளில் வளர்ந்தவரின் பேச்சுக்கு என்ன நிறம்?

கருவியை ஒதுக்கும்படி நான் சொல்லவில்லை. அதைத் திறக்குமுன் ஒரு பாடவேளை வேண்டும். இருபது குரல் பதிவுகளை மாணவர்கள் கேட்கட்டும், எது எவ்வூர்ப் பேச்சென்று தாமே பெயரிடட்டும், முரண்படட்டும். அந்த முரண்பாட்டை எழுதிவைத்துக்கொண்டு திரைக்கு வரட்டும்.