டீச்செலவும் கணக்குப் புத்தகமும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் ஜெர்மனி போய்வந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். ‘அங்க எந்த ஆபீஸ்லயும் எவனும் டீச்செலவுக்குக் கேக்கறதில்லய்யா. நம்மாளுங்களுக்கு அது ரத்தத்துலயே ஊறிப்போச்சு.’ முதல் வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. இரண்டாவதோடுதான் எனக்குச் சண்டை.

வித்தியாசம் உண்மையானது. விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்ட எங்கள் தெரு அக்கா ஒருவரோடு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மூன்று நடை வீண். நான்காவது நடையில் ‘கவனிக்கணும்’ என்று ஒரே ஒரு சொல். இருநூறு ரூபாய் கைமாறியதும் காகிதம் நகர்ந்தது. அவருக்கு அது அரை நாள் கூலி. ஜெர்மனியில் ஒரு விதவைக்குப் பெரும்பாலும் இந்த அவமானம் இல்லை. ‘மேற்கும் ஊழல்தான்’ என்று இதைச் சமன்படுத்திவிடுவது அந்த அக்காவுக்கு நாம் செய்யும் துரோகம்.

ஆனால் மேற்கின் ஊழல் எங்கே வசிக்கிறது? 1990களின் கடைசிவரை, ஜெர்மானிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாக எழுதி வரிக்கழிவு பெற முடிந்தது. வாங்குகிற மேசையில் குற்றம். கொடுக்கிற மேசையில் வெறும் பற்றுவரவு. பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995இல் முதல் ஊழல் பட்டியலை வெளியிட்டு, 41 நாடுகளில் இந்தியாவைக் கடைசிப் பத்துக்குள் வைத்தபோதும் அந்த வரிச்சலுகை உயிரோடுதான் இருந்தது. (அதை ஒழிக்கக் குரல் கொடுத்தவர்களில் அந்த அமைப்பும் உண்டு.) பட்டியல் எண்ணியது வாங்கிய கையை, கொடுத்த கையை அல்ல. 2008இல் சீமென்ஸ் நிறுவனம் லஞ்ச வழக்குகளுக்காக அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சுமார் 160 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. ஆக, அங்கே ஊழல் கவுன்ட்டரை விட்டு மாடிக்குக் குடிபோயிருக்கிறது. இங்கே கவுன்ட்டரிலும் மாடியிலும் இருக்கிறது.

இனி அந்த ‘ரத்தம்’ என்கிற சொல்லாடல். அதை உடைக்க நம்ம ஊர்த் தோல் ஷாப்பே போதும். பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் போட்ட பென்டாகுளோரோபீனாலை 1989இல் ஜெர்மனி தடைசெய்தது. 1994இல் புற்றுநோய் அபாயமுள்ள சில அசோ சாயங்களைத் தடைசெய்தது. ஏற்றுமதிக்கு ஓடிய ஷாப்புகள் ரசாயனத்தை மாற்றிக்கொண்டன. மாற்றாவிட்டால் சரக்கு திரும்பி வரும். அங்கே டீச்செலவு செல்லாது. அதே முதலாளி, அதே மேஸ்திரி, அதே ‘ரத்தம்’.

பாலாற்றுக்கு வருவோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்’ என்று தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அத்தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அதைக் கொடுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஜெர்மானியப் பாதத்தைக் காக்கும் விதி உடனே நடக்கிறது. பாலாற்றங்கரைக் கிணற்றைக் காக்கும் விதி வாய்தா வாங்குகிறது. இதில் எத்தனை பங்கு லஞ்சம் என்பதல்ல என் கேள்வி. ஒரு விதி யாருடைய உடம்பைக் காக்க எழுதப்பட்டது, அது மீறப்பட்டால் யாருக்கு நஷ்டம் என்பதைப் பொறுத்தே அது விலைபோகிறது அல்லது விலைபோக மறுக்கிறது. நண்பர் பார்த்துவிட்டு வந்த நேர்மை ரத்தத்தில் இல்லை. அங்கே கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு இருக்கும் பலத்தில் இருக்கிறது.

இருநூறு வாங்கிய குமாஸ்தாவை வீடியோ எடுத்துப் பரப்பலாம். பரப்ப வேண்டியதும்தான். ஆனால் அதோடு நம் வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போனால், மாடியில் இருப்பவர்கள் நமக்கு நன்றி சொல்வார்கள். சரக்கு திரும்பினால் முதலாளிக்கு நஷ்டம். அந்த அக்காவின் மனு திரும்பினால் யாருக்கு நஷ்டம்? ‘யாருக்கும் இல்லை’ என்பது பதிலாக இருக்கும்வரை கவுன்ட்டரில் விலை இருந்துகொண்டேதான் இருக்கும்.