சோளக்காட்டுக்கு எந்தத் தராசு?

நகரத்துத் தொடக்கப் பள்ளியை நிறுக்கும் தராசிலேயே கொல்லிமலைச் சோளக்காட்டுப் பிள்ளைகளையும் ஏற்றி, "மலைவாசிக்குப் படிப்பு ஏறாது" எனத் தீர்ப்பளிப்போர் இன்றும் உளர். தகுதி, திறமை என்ற பழைய பல்லவியன்றோ இது!

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54. இந்த இடைவெளி பிள்ளையின் மூளையிலா கிடக்கிறது? 70 கொண்டையூசி வளைவுகளுக்கு அப்பால், பரம்பரையில் முதன்முதலாக ஏடு தொடுகிறான் அவன். அரைநாள் படிப்பு, மீதிநேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ஆச்சாரியார் வகுத்த திட்டத்தை 1954இல் வீழ்த்தியது தமிழகம். அந்த எண்ணம் மட்டும் இன்னும் சாகவில்லை.

பள்ளியின் குறையை மூடிமறைக்கச் சொல்லவில்லை யாம். முதல் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர், ஐந்தாம் வகுப்பில் எஞ்சியோர் எத்தனை பேர், ஆசிரியர் வந்த நாள் எத்தனை? இக்கணக்கைக் கொண்டு வரட்டும். பிறகு பேசுவோம் தகுதியை!