ரூட் மேப்பில் விழாத கோடுகள்

நெடுந்தூர சைக்கிள் பந்தயத்துக்கு ரூட் போடுவது வெறும் தொழில்நுட்ப விவகாரம் என்றுதான் சொல்லப்படுகிறது. அப்படியல்ல. வரைபடமும் ஒரு பிரதிதான். அது எதை எழுதுகிறது என்பதோடு எதை எழுதாமல் விடுகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மைக் ஹால் 2013-இல் ஐரோப்பாவில் தொடங்கிய டிரான்ஸ்கான்டினென்டல் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். கடந்தாக வேண்டிய சில இடங்களை மட்டும் அமைப்பாளர்கள் சொல்வார்கள். இடைப்பட்ட வழியை ஓட்டுபவரே தீர்மானிக்க வேண்டும். பின்னால் உதவி வண்டி வராது. தூங்கினாலும் கடிகாரம் நிற்காது. ஆகவே ரூட் போடுவதே பாதிப் பந்தயம். எந்த ஏற்றத்தைத் தவிர்ப்பது, நடுராத்திரி எந்த ஊரில் தண்ணி கிடைக்கும், எங்கே லாரி நெருக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். விதி இதைச் 'சுயசார்பு' என்கிறது. ஆனால் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியதை வாங்கிக்கொள்ளலாம். அதாவது, விடிய விடியக் கண்முழித்து டீ ஆற்றுகிறவரின் உழைப்பு உதவிக் கணக்கில் வராது! சுயம் என்ற சொல்லாடல் பிறர் உழைப்பை விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்து நிற்கிறது.

ரூட் போடும் செயலிகள், ஏற்கெனவே பலர் ஓட்டிப் பதிவுசெய்த சாலைகளையே முன்னுக்குத் தள்ளுகின்றன. ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் இப்படிப்பட்ட பதிவுகளைத் திரட்டி உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஆப்கானிஸ்தான், சிரியாவின் இருட்டுக்கு நடுவே அந்நியப் படைமுகாம்கள் பளிச்சென்று தெரிந்தன. 2018 ஜனவரியில் செய்தி வெளிவந்ததும் ராணுவ ரகசியம் போச்சே என்று பதறினார்கள். நாம் கவனிக்க வேண்டியது அந்த இருட்டை. அங்கேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் ஒரு கோடாகக்கூட விழவில்லை.

இதே கண்ணோடு வடசென்னைக்கு வருவோம். சென்னையிலிருந்து நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குப் பிரியமான பாதை கிழக்குக் கடற்கரைச் சாலை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் என்றால் 'அய்யய்யோ, கன்டெய்னர் லாரி' என்று கையை உதறிவிடுவார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் லாரி வரிசைக்கும் சாலையோர மண்ணுக்கும் இடையிலுள்ள சந்தில்தான் ஷிஃப்டுக்குப் போகிறவர் சைக்கிள் மிதிக்கிறார், மீன்பாடி வண்டி நகர்கிறது. திருவொற்றியூரில் என்ஃபீல்டையும் எண்ணூரில் லேலண்டையும் செய்த தலைமுறையில் எத்தனையோ பேர் வேலைக்குப் போனது சைக்கிளில்தான். அவர்களிடமும் ரூட் பிளான் உண்டு: எந்நேரம் லாரி நெருக்கும், எந்த கேட் மூடிக் கிடக்கும், மழை பெய்தால் எந்த சப்வே முழுகும். பதிவுக் கருவி கிடையாது. அதனால் கோடும் கிடையாது.

கோடு விழாவிட்டால் என்ன குடியா முழுகிப்போச்சு என்று கேட்கலாம். 2014 வாக்கில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் போக்குவரத்துத் துறை, சைக்கிள் வசதிகளைத் திட்டமிட இதே ஸ்ட்ராவா தரவுகளை விலைக்கு வாங்கியது. அந்தக் கணக்கு இங்கேயும் வந்தால், எண்ணூரில் சைக்கிளே ஓடவில்லை என்று தரவு சாட்சி சொல்லும். தடம் வேறெங்காவது போடப்படும்.

மைக் ஹால் 2017 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியப் பந்தயமொன்றில் கார் மோதி இறந்தார். அத்தனை அனுபவமும் அவரைக் காக்கவில்லை. இருந்தாலும் பந்தயத்துக்குப் போவதா வேண்டாமா என்பது ஓட்டுகிறவரின் முடிவு. ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அந்த முடிவு கையில் இல்லை.

எண்ணூரைச் சாகச ரூட்டாக மாற்றச் சொல்லவில்லை. அது இன்னொரு அபகரிப்பு. ரூட் போடத் தெரிந்தவர்கள் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆலை வாசலில் நின்று சைக்கிள்களை எண்ணட்டும். ஓட்டுகிறவர்களிடம் வழி கேட்டு எழுதட்டும். தனித்தடம் கேட்டுப் போராட அந்தக் கணக்குத்தான் தேவை.