ஆங்கிலத்தில் தமிழாராய்ச்சி: சான்றா, சான்றிதழா?

தமிழின் தனித்தன்மையைப் பற்றி நம் மேடைகளிலே பேசப் புகுவோர் பலர், "கால்டுவெலே கூறிவிட்டார்" என்று முழங்கிக் கைதட்டலோடு அமர்ந்துவிடுகின்றனர். அவர் எதனைக் கொண்டு அவ்வாறு கூறினார் என வினவினால் விடை வருவதில்லை. வேதம் கூறிற்று என்பாரைக் கண்டு நகைக்கும் நாம், வெள்ளையர் நூல் கூறிற்று என்பாருக்கு மட்டும் மாலையிடுவது எங்ஙனம் பொருந்தும்?

'ரிசர்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் துருவித் தேடுதல் என்பது வேர்ப்பொருள். நம் 'ஆய்தல்' அதனினும் நயமுடையது. தொல்காப்பியர் அதனை நுணுக்கப் பொருளில் வைத்தார். நம் அடுக்களையிலோ இன்றும் கீரை ஆயப்படுகின்றது. பழுத்ததும் புழு அரித்ததும் களையப்பட்ட பின்னரே எஞ்சியது உலையேறும். களைய அஞ்சுவோர் ஆய்வோராகார்.

சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் செய்தது அத்தகைய வேலை. தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை என்பதே வங்கத்திலிருந்த கோல்புரூக், கேரி முதலிய ஆங்கில அறிஞரின் கொள்கை. அதனை மறுக்க எல்லிஸ் வசைமொழி தேடவில்லை. 1816-இல் காம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். வடமொழி வேர்களையும் தெலுங்கு வேர்களையும் அருகருகே நிறுத்தி, இவற்றுள் உறவு எங்கே என்று கேட்டார். பின்னர்த் தமிழ், கன்னடம், தெலுங்கு வேர்களை வரிசைப்படுத்தி, உறவு இங்கே என்று காட்டினார். அதன்மேல் சொற்கள், அதன்மேல் வாக்கிய அமைப்பு என்று படிப்படியாகச் சென்றார். எதிரி படிக்கும் மொழியில், எதிரியே சரிபார்க்கத்தக்க முறையில் சான்றை வைத்தமையே அதன் சிறப்பு. ஆங்கிலத்தில் ஆராய்தலின் பயன் இதுவேயன்றிப் பிறிதில்லை.

அவர்க்கு அவ்வேர்ப் பட்டியலைத் தொகுத்துத் தந்தவர் பட்டாபிராம சாஸ்திரி என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் வேண்டும். பிறப்பை நோக்காது சான்றை நோக்குவதே பகுத்தறிவாயின், நம் இயக்கத்தாருக்கு இப்பெயரைக் கூறக் கூச்சம் ஏன்?

நிற்க. நாற்பதாண்டு கழித்து, 1856-இல் கால்டுவெலின் ஒப்பிலக்கணம் வந்தது. பெருநூல், ஐயமில்லை. ஆனால் அதே நூலில் அவர் திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகள் என்று தாம் அழைத்த வடபுலத்துக் கூட்டத்தோடு இணைத்தார். மொழிநூலார் இன்று அதனை ஏற்பதில்லை. திருக்குறளையும் பத்தாம் நூற்றாண்டளவில் வைத்தார். அதற்குக் காரணம் உண்டு. அவர் நூலின் இரண்டாம் பதிப்பு 1875-இல் வெளிவந்தபோது சங்கத் தொகைகள் அச்சேறவில்லை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887-இலும், சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894-இலுமே வந்தன. ஆகவே கால்டுவெல் கூறியதால் மெய் என்போர், குறளின் காலத்தையும் அவர் சொன்னபடியே ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஒருவரும் இசையார்! வேண்டியதைச் சான்றிதழாக மாட்டிக்கொண்டு, வேண்டாததைக் காணாததுபோல் விடுவது ஆராய்ச்சியன்று.

இம்மலாய் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. 1952 முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டை நடத்திய தனிநாயக அடிகள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுங்கால் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டினார். பாரிசிலும் பிராகாவிலும் இருந்தோர் நம் இலக்கியத்தை எடைபோட இம்முயற்சி வழி திறந்தது. அதனை ஆங்கில மோகம் என்று பழித்தல் தகாது.

ஆயினும் ஒரு குறை நெஞ்சை அறுக்கின்றது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வந்தது. 1984-இல் திருத்திய பதிப்பும் வந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் நிற்கின்றன, பொருளோ ஆங்கிலத்தில். தோட்டப் பள்ளியில் தமிழ் மட்டும் பயின்ற ஒரு மூதாட்டி, அதிலுள்ள ஒரு சொல்லை நாள்தோறும் வாயாரப் பேசுகின்றார். அதன் பொருள் பிழைபட எழுதப்பட்டிருந்தால் கண்டு சொல்லக்கூடியவர் அவரே. அவருக்கோ அப்பக்கம் வெறுங்கோடு. ஆராயப்படுவது அவர் மொழி. தீர்ப்பு எழுதும் அவையில் அவருக்கு இருக்கையில்லை.