ஓர் ஆவர்த்தனம், ஒரே வரியில்

தென்னூர் வீட்டு மாடியில் வீணையோடு பாயில் உட்கார்ந்தால், எதிரே 8 அங்குல டேப்லெட்தான் என் பாட்டு நோட்டு. பெரியதாக மாற்றலாமா என்று ஒரு மாதமாக யோசனை.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 ஸ்வரம் என்றால் ஆவர்த்தனத்துக்கு 32. சின்னத் திரையில் அந்த வரி லகுவின் நடுவிலேயே முறிந்து கீழே இறங்குகிறது. சுண்டுவிரல் தாளத் தந்தியை மீட்டிக்கொண்டிருக்க, கண் அடுத்த வரியைத் தேடுகிறது. தமிழில் இன்னொரு சிக்கல்: 'ஸ' தலையில் இருப்பது தாரஸ்தாயிப் புள்ளியா, மெய்யெழுத்துப் புள்ளியா?

சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஜாரு, நொக்கு என்று கமகங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. கீர்த்தனையின் உயிரே அந்தப் பொடிக் குறிகளில்தான் இருக்கிறது. டேப்லெட்டில் அதன் பக்கத்தை விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது.

நேற்று மாணவியின் 13 அங்குலத் திரையில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஆவர்த்தனம் முழுசாக, குறிகள் துல்லியமாக. கனம் கூடுதல்தான், ஸ்டாண்டில்தானே இருக்கப்போகிறது.

"மாமி, இதையே வாங்கிடுங்கோ" என்றாள்.

சனிக்கிழமை தில்லைநகர் கடைக்குப் போகிறேன்.