கியூஆர் கோடு சொல்லாத சேதி

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் கியூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் பண்ணினா கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் வரும். போலியைப் பிடிக்க உதவும், சரி. ஆனா 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்ற 'கோல்ட்ரிஃப்' போலி இல்லையே! காஞ்சிபுரம் மாவட்டத்தில் லைசென்ஸ் வாங்கிய கம்பெனி தயாரித்த அசல் சரக்கு. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம்; வரம்பு 0.1 தான். கோடு இருந்திருந்தாலும் எல்லாம் சரின்னுதான் காட்டியிருக்கும்.

இன்னொரு ஓட்டை: மொத்த வியாபாரி முதல் ஜீயபுரம் கடை வரை சரக்கு யார் யார் கை மாறுச்சுன்னு கோடு பதிவதில்லை. கெட்ட பேட்சைத் திரும்பப் பெற பில்களைத்தான் புரட்டணும். முதல் சோதனை மூலப்பொருள் டிரம்மில் நடக்கணும், லேபிள் அதுக்கப்புறம்.